"அருமை" என்றால் நெம்புகோலைத் தள்ளு

என் வீட்டுக்காரர் ஆர்னால்ட் ஹீத்கோட், எங்கள் சின்ன ஊரான பேக்வெல்லில் ஒரே ஒரு காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவர். காலையில் சாவு, மதியம் கல்யாணம். வெள்ளை ரிப்பனைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. யாரோ ஒரு பிரபு வீட்டில் ஓடி ஓய்ந்த பெரிய கார் அது. ஸ்டியரிங் நடுவே கட்டைவிரல் நீளத்தில் ஒரு நெம்புகோல். மேலே தள்ளினால், சக்கரத்தின் குலுக்கலை எண்ணெயால் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள் இறுகும், வளைவில் வண்டி ஆடாது. கீழே இறக்கினால் தளரும், கல்லும் குழியும் தெரியாது. என்னைத் தொட்டதைவிட அந்த மனுஷன் அதைத்தான் அதிகம் தொட்டிருப்பார்.

ஐம்பத்தாறாம் வருஷம் மிஸஸ் ஆல்சப் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மூன்று வருஷம் முன்பு பனியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டவர். அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் இரண்டு மைல் தாண்டியதில்லை. இப்போது மகள் மியூரியலுக்குப் பக்ஸ்டனில் கல்யாணம். பன்னிரண்டு மைல், அத்தனையும் வளைவு.

"என்னை அங்க கொண்டுபோய்ச் சேர்த்துருவீங்களா, மிஸ்டர் ஹீத்கோட்?"

"பூ மாதிரி கொண்டுபோறேன் மேடம்."

வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை போனோம். நான் பின்சீட்டில் மிஸஸ் ஆல்சப் பக்கத்தில். ஆர்னால்ட் நெம்புகோலை நன்றாகத் தளர்த்திவிட்டார்.

"எப்படி இருக்கு மேடம்?"

"அருமை, மிஸ்டர் ஹீத்கோட். ரொம்ப அருமை."

இவருக்குக் காது வரை சிரிப்பு. நான் அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. வளைவில் வண்டி தொட்டிலாக ஆடியபோதெல்லாம் முதுகு திருகியிருக்கிறது. பிறகு இவர் நெம்புகோலைப் பாதி ஏற்றினார். கொஞ்ச தூரத்தில் அந்த அம்மா, பாதிரியார் மனைவி வைக்கிற சாண்ட்விச்சில் வெண்ணெயே இல்லை என்று குறைசொல்ல ஆரம்பித்தார். விரல்கள் தளர்ந்துவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யோவ், நீ இந்த ஊர்லதானே பொறந்த? நம்ம ஆளுங்க வலிச்சா வாய்விட்டுச் சொல்வாங்களா? உன் காரைப் புகழ்ந்தா உனக்குக் கண்ணு தெரியாது. அந்தம்மா அருமைன்னா உயிர் போகுதுன்னு அர்த்தம். குறை சொன்னா சுகமா இருக்குன்னு அர்த்தம்."

அந்த வாரம் முழுக்க இவர் தனியாக அந்தச் சாலையில் போய்வந்தார். நெம்புகோலைத் தள்ளினால் எண்ணெய் அழுத்தம் ஏறச் சில நொடி ஆகும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் எந்த மரத்தடியில் தள்ள வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மிஸஸ் ஆல்சப் என் தொப்பியைப் பழித்தார். மாப்பிள்ளையின் மாமனைத் திட்டினார். முன்சீட்டில் ஆர்னால்டின் பிடரியே சிரித்தது. மலை ஏறும்போது மட்டும் அந்த அம்மா, "அருமையான காட்சி, இல்லையா?" என்றார். இவர் கட்டைவிரல் உடனே நகர்ந்தது. அடுத்த நிமிஷம் மாமன் மறுபடி வசமாக மாட்டினான்.

பக்ஸ்டனுக்கு ஒரு மைல் இருக்கையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பண்ணை வண்டித் தடத்தில் திரும்ப வேண்டியதாயிற்று. இவர் ஒத்திகை பார்க்காத பாதை. பின்னால் புகழ்ச்சியும் இல்லை, குறையும் இல்லை. இவர் நெம்புகோலை ஏற்றினார், இறக்கினார். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"திரும்பிடலாமா மேடம்?"

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "வலிக்குது, ஆர்னால்ட். ரொம்ப வலிக்குது. நான் சொல்லச் சொல்ல மாத்துப்பா."

மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தளர்த்து... போதும். இறுக்கு. ஐயோ, இவ்வளவா? கொஞ்சம் இறக்குப்பா!" இப்படியே நடக்கிற வேகத்தில் அந்தத் தடத்தைக் கடந்தோம். சர்ச்சில் கல்யாண மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

மணப்பெண் கோலத்திலேயே ஓடிவந்து மியூரியல் கதவைத் திறந்தாள். "அம்மா! பிரயாணம் எப்படி இருந்துச்சு?"

"படுமோசம்" என்றார் மிஸஸ் ஆல்சப், ஆர்னால்டின் கையைப் பிடித்து இறங்கியபடி. "இந்த ஆளுக்கு ஓட்டவே தெரியல."

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ராணி கையால் பதக்கம் வாங்கியவர் மாதிரி நின்றார்.