தட்டிப் பொருட்காட்சிக்கு ஒரு வக்கீல்

ஆறுமுகத்தாய் தறி நாடாவுக்கு நூல்தார் சுற்றிய பவர்லூம் கூடத்தில், கரண்ட் இருக்கும்வரை யாரும் யாரோடும் பேச முடியாது. தறிகள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் உதடு அசைவதுதான் தெரியும். கரண்ட் போனால்தான் வாய் திறக்கும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் கரண்ட் போவதற்குப் பஞ்சமில்லை. அதனால் பேச்சுக்கும் பஞ்சமில்லை.

ஆடி பிறந்துவிட்டால் பேச்சு ஒன்றே ஒன்றுதான். தபசுத் திருவிழாவுக்கு வரும் இரண்டு பொருட்காட்சிகளில் எது உசத்தி என்பது. ஒன்று பெரிய பொருட்காட்சி: மோட்டாரில் சுற்றும் ராட்சத ராட்டினம், மரணக்கிணறு, வாசலிலிருந்தே டியூப் லைட் வரிசை. இன்னொன்று ஊர் ஓரத்தில் பனையோலைத் தட்டி அடைத்துப் போடுவது. கையால் சுற்றும் தொட்டில் ராட்டினம், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிகள், ‘பேசும் தலை’, அவ்வளவுதான். ஊரார் அதைத் ‘தட்டிப் பொருட்காட்சி’ என்று கேலியாகச் சொல்வார்கள். கூடத்தில் அதற்காகப் பேச ஆறுமுகத்தாய் ஒருத்திதான் உண்டு.

மேலநீலிதநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம், புருஷன் இசக்கிப்பாண்டி அவளைப் பெரிய ராட்டினத்தில் ஏற்றினான். உச்சியில் அவள் பயந்து நிறுத்தச் சொல்லி அழுதாள். மோட்டார் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுநாள் தட்டிப் பொருட்காட்சியில் ஏறினாள். “நிறுத்தணுமாம்மா?” என்று சுற்றுகிறவன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். அன்றோடு அவள் அந்தக் கட்சி.

“ராட்டினம்னா வயித்தக் கலக்கணும்ட்டி. ஒன் தட்டிக்காரன் ராட்டினத்துல உக்காந்தா ஒறக்கம்லா வருது” என்பாள் உடன் தார் சுற்றும் வள்ளித்தாய்.

“போன வருசம் நீ பெரிய ராட்டினத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்டுதான இருந்த. காசு குடுத்து இருட்டப் பாக்கதுக்கா போன?”

தறி ஓட்டும் மருதப்பன் சிரிப்பான். “வக்கீலம்மா நல்லாத்தான் பேசுதாக. கட்சிக்காரந்தான் சரியில்ல.”

எழுபத்தெட்டாம் வருஷத் தபசுக்கு முன்னால், ஒருநாள் காலை கூடத்தின் பின்பக்கத் தொட்டிக்குத் தண்ணீர் கேட்டு ஒரு பெண் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நிறைந்த குடத்தை அவளால் தூக்க முடியவில்லை.

“காலுல என்னக்கா?” என்று கேட்டாள் ஆறுமுகத்தாய்.

“மடக்கியே வச்சிருக்கதும்மா. நீட்டுனா ஊசி குத்துத மாதிரி இருக்கு.”

குடத்தைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் கூட நடந்தாள். போய்ச் சேர்ந்த இடம் தட்டிப் பொருட்காட்சி. குடத்தை இறக்கியபோதுதான் பேசும் தலையின் மேசையைப் பின்னாலிருந்து பார்த்தாள். மேசைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகள் சாய்வாக நின்றன. அவை பக்கத்துத் திரையைக் காட்டும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மேசைக்கு அடியில் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். கண்ணாடிக்குப் பின்னால் முழங்காலை மடக்கி, மேசைப் பலகையின் ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டி, சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பவள் இந்தப் பெண்தான். கடையநல்லூர் கதீஜம்மாள். பொருட்காட்சி அவள் புருஷனுடையது.

ஆறுமுகத்தாய் அந்தத் தலையைப் பலமுறை பார்த்தவள். தட்டில் பூ சுற்றி வைத்த தலை, கேட்கிற கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் சொல்லும். “எம் பொண்டாட்டி எங்க இருக்கா?” என்று ஒருவன் கேட்டதற்கு, “ஒன் பின்னாலதான் நிக்கா, பாத்துப் பேசு” என்றதும் கொட்டகையே சிரித்தது. அந்த நேரமெல்லாம் இந்தக் கால்கள் மரத்துப்போய்க் கிடந்திருக்கின்றன.

“இத வெளிய விட்டுராத தங்கச்சி” என்றாள் கதீஜம்மாள். “ஆளு இருக்கது தெரிஞ்சா அப்புறம் பாக்கதுக்கு என்ன இருக்கு? இதுலதான் எங்க சோறு.”

“நான் ஏங்க்கா சொல்லப் போறேன்?”

அதன்பின் தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஆறுமுகத்தாய் அங்கே நுழைவாள். நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்த முழங்கால்களில் தேய்த்துவிடுவாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. ஊரே கேலி செய்யும் இடத்தின் உள்ளே அவளுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது.

தபசுக்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனது. வழக்கம்போல ஆரம்பித்தார்கள். அன்று வள்ளித்தாய் மரணக்கிணற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“உசுரப் பணயம் வச்சு மோட்டார் சைக்கிள் ஓட்டுதான்ட்டி. அது வித்த. ஒன் தட்டிக்காரன்ட்ட என்ன இருக்கு?”

“தலை இருக்குல்லா” என்றான் மருதப்பன். “மெழுகுப் பொம்மையப் பண்ணி, உள்ள டேப்ரிக்கார்டர வச்சிருக்கான். சனமும் வாயப் பொளந்து பாக்கு.”

“பொம்மை இல்ல” என்றாள் ஆறுமுகத்தாய்.

“பின்ன? தலைய வெட்டி வச்சிருக்கானோ?”

எல்லோரும் சிரித்தார்கள். காலையில் தேய்த்துவிட்ட எண்ணெயின் பிசுக்கு அவள் கையில் இன்னும் இருந்தது. பொம்மை என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

“ஒரு பொம்பள அங்கன முட்டிய மடக்கி உக்காந்திருக்கா அண்ணாச்சி. முன்னால கண்ணாடி. கொசு கடிச்சாலும் சொறிய முடியாது, காலு செத்துப்போவுது, ஆனா மொகத்துல காட்டாம அத்தன பேருக்கும் பதில் சொல்லுதா. ஒங்க மரணக்கிணத்துக்காரன் பத்து நிமிசம் ஓட்டுதான். இவ அந்தி முழுக்க இருக்கா. எது வித்த?”

“அப்படியா சங்கதி?” என்றான் மருதப்பன், மெதுவாக. “அப்படின்னா பெரிய வித்ததான்.” வள்ளித்தாயும் தலையாட்டினாள். இத்தனை வருஷத்தில் ஆறுமுகத்தாய் ஜெயித்த முதல் வழக்கு அது. கரண்ட் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வேலை விட்டதும் சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் மருதப்பன் டீக்கடைக்குப் போயிருந்தான்.

தபசன்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து குவிந்தது. அம்மனின் தபசுக் காட்சி பார்த்துவிட்டு, தன் சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆறுமுகத்தாய் தட்டிப் பொருட்காட்சிக்குப் போனாள். பேசும் தலைக் கொட்டகையில் என்றுமில்லாத கூட்டம். கூட்டத்தைக் கண்டு முதலில் அவளுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. பிறகு “கண்ணாடி, கண்ணாடி” என்று இளவட்டங்கள் கூவுவது காதில் விழுந்தது. ஒருவன் காகிதத்தைச் சுருட்டி மேசைக்கு அடியில் எறிந்தான். அது வெறும் வெளியில் முட்டித் திரும்பி வந்தது. கூட்டம் சிரித்தது. தட்டிலிருந்த தலை, “வீட்டுல குப்ப கூட்ட ஆளில்லையா மக்கா?” என்று கேட்டது. குரல் நடுங்கவில்லை. அடுத்து வந்தது கல்.

கண்ணாடி நொறுங்கி விழுந்தது. மடங்கிய கால்கள், பழைய சேலை, கொசுவுக்காகப் பாதத்தில் சுற்றியிருந்த துணி, எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தன. பலகைக்குள் கழுத்து இருந்ததால் கதீஜம்மாளால் உடனே எழவும் முடியவில்லை. அவள் புருஷன் ஓடிவந்து விளக்கை அணைத்தான். ஆறுமுகத்தாய் மகளின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விடிந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனாள். தட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கதீஜம்மாள் ஒரு பெட்டிமேல் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“யாரு சொன்னாகளோ தெரியல தங்கச்சி” என்று அவள் முகத்தையே பார்த்துச் சொன்னாள். “இந்த ஊர்ல என் காலு வலிக்கான்னு கேட்டது நீ ஒருத்திதான்.”

‘நாந்தான்’ என்பது ஆறுமுகத்தாயின் வாய்வரை வந்தது. “எண்ணெய் கொண்டாந்தேங்க்கா” என்றுதான் சொன்னாள்.

“அதுக்கு இனி வேலை இல்லம்மா. கடையநல்லூர் வந்தா பெரிய பள்ளிவாசல் பின்தெருல வந்து கேளு.”

அடுத்த ஆடிக்குத் தட்டிப் பொருட்காட்சி வரவில்லை. அதற்கடுத்த ஆடிக்கும் வரவில்லை. கரண்ட் போனால் ஆறுமுகத்தாய் எழுந்து தொட்டிப் பக்கம் போய்விடுவாள். வக்கீலம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டார்கள். கடையநல்லூர் பஸ் தினமும் அவள் கண்முன்னால்தான் போனது. சொல்லாமல் விட்டது, சொன்னதைவிடப் பெரிதாக அவளுக்குள் வளர்ந்தது.

எண்பத்து நாலில் ஒரு மத்தியானம், பேத்தி எடுத்திருந்த வள்ளித்தாய் தானாகவே சொன்னாள்: “ஆறுமுகம், அந்தத் தட்டிக்காரன் வந்தா நல்லாருக்கும்ட்டி. பச்சப்பிள்ளைய இந்த மோட்டார் ராட்டினத்துல ஏத்த பயமா இருக்கு. நீ சொன்னது சரிதான்.”

மறுநாள் ஆறுமுகத்தாய் வேலைக்குப் போகவில்லை. கடையநல்லூர் பஸ் ஏறினாள்.

கதீஜம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். உடனே அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஆறுமுகத்தாய் உட்காராமலே சொன்னாள்.

“அக்கா, அன்னைக்கு வெளிய சொன்னது நாந்தான்.”

பீடி இலையைக் கத்தரித்த கை நிற்கவில்லை. “தெரியும்” என்றாள் கதீஜம்மாள். “ஒன்னத் தவிர இன்னொருத்தர் அந்த மேசைய அந்தப் பக்கம் நின்னு பாக்கல.”

“பின்ன ஏங்க்கா அன்னைக்கு என்ட்ட அப்படிப் பேசினீக?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன்.”

பொருட்காட்சிச் சாமான்களை இராஜபாளையத்தில் ஒருவருக்கு விற்றதையும், புருஷன் இப்போது சந்தையில் வளையல் விற்பதையும் அவள் சொன்னாள். ஆறுமுகத்தாய் அழுதாள். கதீஜம்மாள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடித்ததும் டீ போட்டுக் கொடுத்தாள்.

“வித்தைன்னு சொன்னியாமே” என்றாள், காலித் தம்ளரைத் திரும்ப வாங்கும்போது. “எங்க ஆளுக டீக்கடைல கேட்டாகளாம். மரணக்கிணத்த விடப் பெரிசுன்னு சொன்னியாம்.”

“ஆமாக்கா.”

“அது வரைக்கும் நல்லாத்தான் சொல்லியிருக்க.”

அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை ஆறுமுகத்தாய் கடையநல்லூர் போய் வந்தாள். ஒருமுறைகூடக் கதீஜம்மாள் முகம் சுளிக்கவில்லை; டீ கொடுக்காமல் அனுப்பவும் இல்லை. மழை, விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசுவார்கள். ஆனால் கதீஜம்மாள் தன் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த செய்தியை, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் ஆறுமுகத்தாயிடம் சொன்னாள். ஆறுமுகத்தாய் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போய், பந்தியில் கடைசி ஆள் எழும்வரை பரிமாறிவிட்டு, கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.