அவளைக் கேட்டு வந்த அழைப்புகள்

என் வீட்டுக்காரி இறந்த பிறகும் அவளுடைய போன் அடுக்களையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தெரிந்தவர்கள் யாரும் அதில் கூப்பிடவில்லை. அவர்கள் எல்லாரும் அடக்கத்துக்கு வந்து போனவர்கள். கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் முன்பின் தெரியாதவர்கள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்பார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்பார்கள். கரண்டை நிறுத்தப் போகிறோம் என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் ஏதாவது ஒரு நம்பரைக் கேட்பார்கள். எல்லாம் கள்ளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் போனை எடுத்தவுடன் அவர்கள் முதலில் சொல்வது அவளுடைய பெயர். பெயரைச் சொல்லி, இருக்காங்களா என்று கேட்பார்கள். அதற்காகத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுத்து கூட்டித்தான் வாசிக்க வரும். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். பாறசாலைச் சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிச் சுமந்த காலத்தில், தலையில் சுமடு இருக்கும்போது மட்டும் நேர் வழியில் போவேன். சுமடு இல்லாவிட்டால் அங்கே நின்று இங்கே நின்றுதான் வீடு சேருவேன். இப்போது தலையில் ஒன்றும் இல்லை.

அவளுடைய சிம் தமிழ்நாட்டு சிம். களியக்காவிளையில் ஒரு கடையில் வாங்கியது. அவள் பிறந்த வீடு அந்தப் பக்கம். கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் அங்கே. எங்கள் வீடு கேரளத்தில், எல்லைக்கு நடை தூரம்தான். முன்வாசலில் நின்றால் கேரளத்து டவர். பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். அன்றைக்கெல்லாம் டவர் மாறினால் காசு கூடுதலாகப் போகும். போன் அடித்ததும் அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலிருந்து துவைகல்லுக்கு ஓடுவாள். மழை பெய்தால் குடையோடு ஓடுவாள். பிறகு அந்தக் காசெல்லாம் இல்லாமல் ஆகிவிட்டது. மகள் சொல்லிக்கொடுத்தாள், அம்மா இனி எங்கே இருந்து பேசினாலும் ஒன்றுதான் என்று. அவள் கேட்கவில்லை. "அங்க நிண்ணாத்தான் பிள்ளே எனக்குப் பேச்சு வரும்" என்றாள். கடைசி வரை அந்தக் கல்லின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

சிம் அந்தப் பக்கத்தது என்பதால் அவளுக்கு வரும் கள்ளர்கள் தமிழில் பேசினார்கள். எனக்கு வருபவர்கள் மலையாளம், இல்லாவிட்டால் ஹிந்தி. ஹிந்திக்காரனிடம் நான் மலையாளத்தில் பேசுவேன். அவன் வைத்துவிடுவான். அவள் யாரையும் அப்படி விடமாட்டாள். ஒருமுறை ஒருத்தன் கூப்பிட்டு, உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது என்றான்.

"காரா? எனக்க முடுக்குல ஆட்டோவே வராது மக்கா. நான் அத எங்க கொண்டு விடுவேன்?" என்றாள்.

காருக்குப் பதிலாகப் பணமாகத் தருகிறோம் என்றிருக்கிறான்.

"பின்ன அத முதல்ல சொல்லாண்டாமா? வெறுதே காரு காருன்னு. ஒனக்கு எந்த ஊரு மக்கா? அம்மை இருக்காளா?"

அவன் வைத்துவிட்டான். அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "கேட்டீரா, அவனுக்கு அம்மை இல்ல போலிருக்கு. கேட்டதும் வச்சிட்டான்" என்றாள். அன்று முழுவதும் அவளுக்கு அதே நினைப்பு. அந்தப் பையனுக்காக ஜெபம்கூடப் பண்ணியிருப்பாள், நான் கேட்கவில்லை.

அவள் போன பிறகு வந்த முதல் அழைப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பிள்ளை. "மேடம் இருக்காங்களா சார்?" என்றாள். நான் உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"குளிக்கா. செத்த கழிஞ்சு விளிக்கணும்."

"எப்ப கூப்பிடட்டும் சார்?"

"முடி ஒணங்க நேரம் ஆவும். உச்சைக்கு மேல விளி மக்களே."

வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் ஏதோ லேசாகிவிட்டது. அவள் கிணற்றடியில் ஈரத்தலையோடு நிற்பதுபோலவே இருந்தது. அந்தப் பெண் பிள்ளை சொன்னபடி உச்சைக்கு மேல் கூப்பிட்டாள். "மேடம் குளிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? குளித்துவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சந்தைக்குப் போயிருக்கிறாள். அக்காள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிண்ணாக்கு வாங்கப் போயிருக்கிறாள். ஆடு விற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பிண்ணாக்கு வாங்க அனுப்பினேன். அவர்கள் எனக்குப் பொய் சொன்னார்கள், நான் அவர்களுக்குச் சொன்னேன். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்தேன். நல்ல மீன் கிடைத்த ஒரு நாள், கூப்பிட்டவனிடம், அவள் எப்படிப் புளி கரைப்பாள் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பைக்கைக் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"எந்தரண்ணா, கள்ளன்மாருக்குக் கறி வைக்கப் படிப்பிக்கிறீரா?" என்று சிரித்தான்.

அவன் அதை மகளிடம் சொல்லிவிட்டான். மகளைக் கட்டிக்கொடுத்தது அதியன்னூரில். ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்தவள் சோற்றுப் பாத்திரத்தைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அப்பா, அந்தப் போன எதுக்கு எடுக்கீங்க? அவனுவ பேசிப் பேசியே ஆள ஒருவழி ஆக்கிருவானுவ. போன் விளிச்சா முதல்ல ஒரு பெண்ணு சொல்லுதாளே, கள்ளன்மாருக்க தட்டிப்ப சூக்ஷிக்கணும்னு. கேக்கல்லியா?"

"அவ எல்லாருக்கிட்டயும் சொல்லுதா. எனக்கிட்ட மட்டுமா சொல்லுதா?"

"தமாசு வேண்டாம். இனி ஒருக்க எடுத்தீங்கன்னு கேட்டேன், அம்மைக்க நம்பர நிப்பாட்டிருவேன்."

 மகள் சொன்னது எனக்கு நல்லதற்குத்தான். ஆனால் அந்த நம்பர் நின்றுவிட்டால், என் வீட்டுக்காரி இருக்கிறாளா என்று கேட்க உலகத்தில் ஓர் ஆள் இருக்கமாட்டார். இதை மகளிடம் எப்படிச் சொல்வது? மகள் திரும்பிப் போன பின் போனை ஒரு துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். மணி அடித்தால் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த வாரத்தில்தான் போலீஸ் என்று சொல்லி ஒருத்தன் கூப்பிட்டான். காலை நேரம். தடித்த குரல். பின்னால் கரகரவென்று வயர்லெஸ் சத்தம். அவளுடைய பெயரைச் சொன்னான். அவளுடைய அப்பன் பெயரையும் சொன்னான். அது மற்றவர்கள் யாரும் சொல்லாதது.

"அந்தம்மா எங்க?"

"குளிக்கா சாரே."

"அவங்க பேர்ல ஒரு பார்சல் பிடிச்சிருக்கோம். உள்ள போதை மருந்து. கைரேகை வெச்சு அவங்கதான் அனுப்பியிருக்காங்க. அரெஸ்ட் பண்ணப் போறோம். போன வைக்கக் கூடாது. வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது."

கள்ளன்தான். தெரியும். ஆனாலும் போனை வைக்கவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

கைரேகை என்றான் பாருங்கள். என்னைக் கட்டி வருவதற்கு முன்பும் பின்பும் அவள் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை தல்லினவள். கொட்டையை உடைக்கும்போது அந்த எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்து, தொலி உரிந்து, கறுத்து, கடைசியில் வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். ரேஷன் கடையில் மிஷின் அவளுடைய விரலை ஒரு நாளும் எடுத்ததில்லை. கடைக்காரன், "தொடச்சு வைய்யி அக்கா" என்பான். அவள் சேலையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைப்பாள். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். அவள் திரும்பி, "எனக்க ரேகையெல்லாம் பணக்காரனுவ பாயாசத்துல கெடக்கு, போய்க் கேளுங்க" என்பாள். வீட்டுக்கு வந்து அந்தக் கையால் என் கழுத்தில் தைலம் தேய்ப்பாள். சுமடு எடுத்த கழுத்துக்கு அப்படி ஒரு வழுவழுப்பான கை வேறு எங்கே கிடைக்கும்?

இதை அந்த ஆளிடம் சொன்னேன். அவளுக்கு ரேகை கிடையாது சாரே என்றேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இப்படிக் கதை சொல்ற ஆளுங்கள நெறைய பாத்தாச்சு. உன் பொண்டாட்டி பெரிய கேடி. வெளிய வரச் சொல்லு. இல்லன்னா லோக்கல் போலீஸ் வந்து, தெரு பூராப் பாக்க இழுத்துட்டுப் போவாங்க."

மற்ற யாராவதாக இருந்தால், சந்தைக்குப் போனாள் என்று சொல்லி வைத்திருப்பேன். ஆனால் அவளை ஜீப்பில் ஏற்றுவது என் கண்ணில் வந்துவிட்டது. ஈரத்தலையோடு, ஒரு கையில் சோப்புப்பெட்டியோடு. பிறருடைய வேலியில் காய்த்த ஒரு முருங்கைக்காயைக் கேட்காமல் பறிக்காதவள். அவளைக் கேடி என்கிறான். உயிரோடு இருப்பதால்தானே சொல்கிறான்? அவளை இத்தனை நாளும் உயிரோடு வைத்திருந்தது நான்தானே?

"சாரே, அவ மரிச்சுப் போனா" என்றேன்.

என் வாயால் அதை முதல்முறையாகச் சொன்னது அப்போதுதான். அவள் போன அன்று எல்லாருக்கும் சொன்னது மருமகன். சபையில் சொன்னது போதகர். எனக்குச் சொல்ல வேண்டி வரவே இல்லை.

அவன் அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்டான். பிறகு, "பொய் சொல்லாத. போன வாரம் எங்க ஆள்கிட்ட சந்தைக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்க" என்றான்.

"அது பொய்யாக்கும் சாரே. இதாக்கும் நேரு."

"எப்படிச் செத்தாங்க?"

என்னைப் பிடிக்கத்தான் கேட்டான். ஆனால் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நாளாக அவளுக்கு இளைப்பு இருந்தது. அன்று காலையில் ஒரு கட்டஞ்சாயா போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக்கொண்டு வந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பாதி குடித்தாள். "மதி, மிச்சத்த நீரு குடியும்" என்று தம்ளரைத் தந்தாள். கண்ணை மூடினாள். ராத்திரி முழுக்க இருமினவள், இப்போதாவது உறங்குகிறாளே என்று நினைத்தேன். சாயா ஆறிப்போகாமல் நான் குடித்தேன், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து. முற்றத்தில் கோழி கொக்கரித்தது. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று மெல்லப் போய் விரட்டிவிட்டு வந்தேன். மீன்காரன் கூவிக்கொண்டு வந்தான். அவனுக்கும் கையைக் காட்டிச் சத்தம் போடாதே என்றேன். வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்த பிறகுதான் கூப்பிட்டுப் பார்த்தேன்.

இடையில் அவன், "சரி சரி, டெத் சர்ட்டிபிகேட் நம்பர் சொல்லு" என்றது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "கேக்குதா சாரே?" என்றேன். போனில் ஒரு சத்தமும் இல்லை. எந்த இடத்தில் அவன் வைத்தானோ, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்ததும் பானைக்குப் பின்னாலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நிப்பாட்டிப் போடு மக்களே. அவளப் பிடிச்சுக் கொண்டு போவேன்னு சொல்லுதானுவ."

எதற்கு எடுத்தீர்கள் என்று ஏசத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஏசினாள். பிறகு அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். பாதிச் சாயா வரைக்கும் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கிட்ட இது சொல்லல்லியே அப்பா. ஏதோ ஒரு கள்ளப்பயலுக்கிட்ட சொல்லிருக்கீங்க."

"அவன் கேட்டானே மக்களே."

அவள் வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போனின் பின்மூடியைத் திறந்து பார்த்தாள். நம்பரை நிறுத்த வேண்டுமானால் சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் கையொப்பம் போட வேண்டியிருக்கும் என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் போதும், அதுவே நின்றுபோகும் என்று சொல்லி மூடியைத் திரும்பப் போட்டு, போனை அதன் பழைய இடத்திலேயே, அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகும் கொஞ்ச காலம் அது அடித்தது. நான் எடுத்தேன். இனிப் பொய் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். இருக்காங்களா என்பார்கள். மரித்துப் போனாள் என்பேன். உடனே வைத்துவிடுவார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. குளிக்கிறாள் என்று சொன்ன காலத்தில் எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

கடைசியாக வந்தது லோன் தருகிற பெண் பிள்ளை ஒருத்தி. புதிதாக வேலைக்கு வந்தவள் போல; வாசித்துச் சொல்கிற மாதிரி இருந்தது பேச்சு. என் வீட்டுக்காரியின் பெயரை முழுதாக, ஆபீசில் கூப்பிடுவதுபோல், தந்தை பெயரோடு சேர்த்துச் சொன்னாள். "ஆரு?" என்றேன். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருந்தது. சொன்னாள்.

"மரிச்சுப் போனா மக்களே."

"சாரி சார்." அவள் வைக்கவில்லை. காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "வீட்டுல வேற யாராவது இருக்காங்களா சார்?"

"நான் உண்டு" என்றேன்.