பித்தான் அக்கா சொன்ன ‘அவரு’

ஆள் இருக்கிறதாம் அவளுக்கு! சனிக்கிழமை சாயங்காலம் தலை வாரி, தேய்த்த துணி உடுத்திக்கொண்டு கிளம்புகிறாளாம். அதனால் ஆள் இருக்கிறதாம். ஏன், வேர்த்து வழிகிற துணியோடு போனால்தான் நாடகம் கண்ணுக்குத் தெரியுமா? பித்தான் அக்காவைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து நடந்ததைக் கேட்கட்டும்.

சட்டைக் கம்பெனியில் வாரம் முழுக்கக் குனிந்து பித்தான் தைக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். அவளுக்கு இருக்கிற ஒரே கிறுக்கு நாடகம்தான். அதுவும் புதுசாக இருக்க வேண்டும். பழைய கிடங்கு ஒன்றை அரங்கமாக்கி ஒரு குழு மாதம் ஒரு நாடகம் போடுகிறது; ஒன்றையும் விடமாட்டாள்.

பார்த்துவிட்டு வந்தால் நாடகமும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு தடவை மேடையில் ஒற்றை நாற்காலி, வேறெதுவும் இல்லை. “புரிஞ்சுதா?” என்று அண்ணி கேட்டாள்.

“எங்க புரிஞ்சுது? ஆனா அண்ணி, அந்த நாற்காலியில யாராவது வந்து உட்கார மாட்டாங்களான்னு தவிச்சுப் போயிட்டேன்.”

வம்பு தொடங்கியது மொட்டை மாடியில். துணி காயப்போடும்போது அண்ணியிடம் சொன்னாள்: “நேத்து அவரு அழுதாரு பாருங்க, என்னால தாங்க முடியல. கையைப் பிடிச்சுக்கிட்டு, விடுங்க, எல்லாம் சரியாயிடும்னு சொல்லலாம்போல இருந்துச்சு.”

நடிகரின் பெயர் அவளுக்குத் தெரியாது, அதனால் ‘அவரு’. கொடியில் தொங்கிய போர்வைக்கு அந்தப் பக்கம் நின்ற மாடிவீட்டுக்காரிக்கு இது போதாதா? புருஷன் இல்லாதவள் வாயில் ‘அவரு’! அந்த ஒரு சொல்லுக்குக் கை கால் முளைத்து, படியிறங்கி, தெருமுனைக் கடைவரை போய்விட்டது.

அண்ணன் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். நாலு வாசல் ஏறுவதற்குள் காதுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“யாரு அந்த அவரு?”

“நாடகத்துல வர்றவருண்ணா. பொண்ணைப் பறிகொடுத்தாரே, அவரு.”

“பேரு?”

“தெரியாது.”

“பேரே தெரியாதவனுக்கா உருகினே? போதும். இனிமே நாடகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

 அவள் விடவில்லை. “நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. பார்த்துட்டு வேணாம்னு சொன்னா, சத்தியமா போகமாட்டேன்.”

“போயிட்டுத்தான் வாங்களேன்,” என்றாள் அண்ணி. “மீட்டரையே பிடிக்கிற கண்ணு, ஆளைப் பிடிக்காதா?”

அடுத்த நாடகத்துக்கு அண்ணன் காவல்காரர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் அதே நடிகர், இந்தத் தடவை மகன் வேஷத்தில். அண்ணன் கண் அவர்மேல் ஒரு தடவை, தங்கைமேல் ஒரு தடவை என்று ஓடியது. தங்கையோ கொட்டாவி விட்டாள். அம்மா செத்துக் கிடக்கிறாள். மகன் பக்கத்தில் நின்று, அவள் விட்டுப்போன வீட்டைப் பற்றி மூச்சு விடாமல் அடுக்கு வசனம் பேசுகிறான்.

“அம்மா செத்த வீட்டுல யாராவது இப்படிப் பேசுவாங்களா? சுத்தப் பொய்ணா. இந்த மனுஷனுக்கு இன்னைக்கு அழவே வரல. எழுந்திருங்க, போகலாம்.”

அண்ணன் அசையவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

“அண்ணா!”

“சும்மா இரு. வீடு யாருக்குன்னு இன்னும் சொல்லல. நான் பார்த்துட்டு வர்றேன். நீ வேணா போ.”

“அப்ப அடுத்த மாசம்?”

“அதுக்கு எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் சொல்லி வை. இப்ப மறைக்காதே, தள்ளு!”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊர் யாரை அவள் ஆள் என்றதோ அந்த மனிதர் மேடையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, பித்தான் அக்கா வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு போய், கதவைத் தள்ளி வெளியே நடந்தாள்.