ஆறிய டீ

தெருவில் அவளைக் ‘கொதியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் கடை வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வாள். ஆறிவிட்டால் அது டீ இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பாள். நூலை அறுக்கக் கத்தரிக்கோலைத் தேடியதே இல்லை. பல் எதற்கு இருக்கிறது?

பல் துலக்கும்போது ரத்தம் வர ஆரம்பித்ததும் கணவர்தான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் பஸ் மெக்கானிக். சர்வீஸ் பண்ணாமல் எதையும் ஓட்டக்கூடாது என்கிற கட்சி. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்.

“மரப்பு போறவரைக்கும் எதையும் மெல்லாதீங்கம்மா, கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க. அப்புறமும் கொஞ்ச நாளைக்கு மெத்துன்னு சாப்பிடுங்க. காரம், மொறுமொறுப்பு வேண்டாம். வெதுவெதுன்னு உப்புத் தண்ணில கொப்பளிங்க.”

“டீ?”

“நல்லா ஆறவெச்சுக் குடிங்க.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

கடைக்குத் திரும்பியதும் பழக்கதோஷத்தில் நூலைக் கடிக்கப்போனாள். உதடு எங்கே, நூல் எங்கே என்றே தெரியவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் “கை நீளம் போதுமா?” என்று கேட்டது என்னவோ “கய் ஈலம் ஓதுமா” என்று வழுக்கிக்கொண்டு வந்தது. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்குப் பாதி வாய்தான் சிரித்தது.

அன்று இரவுக்குக் கஞ்சியோடு சமாளித்தாள். மறுநாள் காலை கணவர் டீ போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டில் கல்யாணமானதிலிருந்து காலை டீ அவர் பொறுப்பு. விசிறி விசிறி ஆறவைத்து, ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“என்னங்க இது, வேப்பிலைக் கஷாயம் மாதிரி இருக்கு?”

“எப்பவும் போடற டீதான்.”

“இதையா இத்தனை வருஷமா குடிச்சேன்?”

“கொதிக்கக் கொதிக்க உள்ளே தள்ளினா நாக்குக்கு என்ன தெரியும்?” என்றவர், சற்றுத் தயங்கினார். “எனக்கும் இது பிடிக்காதுதான். கல்யாணமான புதுசுல ஒரு நாள் தூள் கூடிப்போச்சு. நீ ஒரே மடக்குல குடிச்சே. சரி, இவளுக்கு இப்படித்தான் பிடிக்கும்போலன்னு அப்படியே போட்டுட்டு வர்றேன்.”

“பிடிக்காமயா தினமும் கூடவே உக்காந்து குடிச்சீங்க?”

“பின்னே? ரெண்டு பேருக்கு ரெண்டு டீயா போடறது?”

அவளுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. சிரித்தால் ஈறு வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சத்தமில்லாமல் குலுங்கினாள். அன்றிலிருந்து தினம் ஒரு பரிசோதனை: தூள் குறைந்தது, பால் ஏறியது, ஒரு நாள் ஏலக்காய்கூட விழுந்தது.

ஈறு ஆறிவிட்டது, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன சாயங்காலம் கணவர் வறுத்த வேர்க்கடலை வாங்கிவந்தார்.

“மெதுவா... இந்தப் பக்கம்... போதும், இப்ப அந்தப் பக்கம்...” என்று, ரிவர்ஸில் வரும் பஸ்ஸுக்குக் கைகாட்டுவதுபோல் வழி சொன்னார்.

நறுக்கென்று கடித்தாள். வலியில்லை, ரத்தமில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று கை பொட்டலத்துக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது. அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் பொட்டலத்துக்குள் கையை விட்டபோது, தோல் மட்டும்தான் மிச்சமிருந்தது.