இரண்டு பிளாட்டர்களும் ஒரு கூப்பாடும்

இதை வாசித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுச் சிரித்தவன்தான். ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை. நீர்த்தேக்கத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். அங்கே இன்னமும் போட் ஓடுகிறது. யாருடைய பிழைப்பிலும் மண் போட எனக்கு மனமில்லை.

2003ஆம் ஆண்டு. சமாதான காலம். வெள்ளைக்காரர்கள் மறுபடியும் மலைநாட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி, கீழே நீர்த்தேக்கத்தில் ஒரு மோட்டார் போட்டும் விட்டிருந்தார்கள். அதை ஓட்டியவன் நான். பெயர் பழனியாண்டி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில், மனைவி சுதர்ஷினியோடு குடியிருந்தேன்.

எங்கள் தண்ணீரில் பெரிய தொல்லை பனி. பின்னேரம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைக்கு மேலிருந்து இறங்கிவிடும். பிறகு போட்டின் முன்பக்கம்கூடத் தெரியாது. அதுவும் ஆனி ஆடி மழையில் நீர்த்தேக்கம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வான் பாயும். அணைக்கட்டின் வான்கதவுகளைத் திறந்துவிடுவார்கள். பனிக்குள் வழி தவறி அந்தப் பக்கம் போனால், போட்டோடு சேர்த்து ஆளையும் கீழே ஆற்றில்தான் தேட வேண்டும். முந்தின வருடம் ஒரு ஜெர்மன் தம்பதியை ஏற்றிக்கொண்டு அந்த வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அந்த அம்மா கரையில் இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் தனியாகப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் போட்டுக்கு ஒரு ஜி.பி.எஸ். பிளாட்டர் வாங்குவது என்று முடிவானது. ஹோட்டல் மனேஜர் செல்வரத்தினம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒழுங்கான மனிதர், யார் என்ன கேட்டாலும் விளக்கமாகப் பதில் சொல்வார்.

"ரெண்டு மெசினையும் பூட்டி ஓடிப் பாரும் பழனியாண்டி. எது நல்லது எண்டு நீர்தான் சொல்லவேணும். ஆக்களின்ர உயிர் விசயம்" என்றார்.

சுதர்ஷினியின் தம்பி நிரஞ்சன் கொழும்பில் படகுச் சாமான் விற்கும் கடையில் வேலை செய்தான். அவன்தான் இரண்டு பிளாட்டர்களைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்தான். சமாதானம் என்றாலும், ஜி.பி.எஸ். என்ற பெயரைக் கேட்டாலே செக்பொயின்டில் இறக்கி விசாரிக்கிற காலம். கடை கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே மாட்டான்.

ஒன்று சோப்புப் பெட்டி அளவு. கறுப்பு வெள்ளை. நாம் வைத்த புள்ளியையும் வந்த வழியையும் காட்டும், வேறொன்றும் தெரியாது. மற்றது சின்ன டீவி மாதிரி. கலர். தண்ணீரின் ஆழத்தையும், அடியில் இருப்பதையும் காட்டும். எங்கள் நீர்த்தேக்கத்தின் வரைபடம் இரண்டிலும் இல்லை. நாமே படகுத்துறையில் நின்று 'இதுதான் வீடு' என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு எங்கே போனாலும் அந்தப் புள்ளிக்கு அம்புக்குறி போட்டு வழி சொல்லும்.

உண்மையைச் சொன்னால், பெட்டியைத் திறந்த உடனேயே பெரியதைத்தான் வாங்குவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். கலருக்கு மயங்காத ஆள் யார்?

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டையும் பக்கம் பக்கமாகப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். படகுத்துறையில் இரண்டிலும் ஒரே இடத்தில் புள்ளி வைத்தோம். அக்கரைவரை போனோம். வெயிலில் பெரியதின் திரை கொஞ்சம் மங்கியது. மற்றபடி இரண்டும் ஒரே வழியைத்தான் சொல்லின.

திரும்பும்போது பனி இறங்கியது. நிரஞ்சனுக்குச் சந்தோஷம்.

"இதுக்குத்தானே மச்சான் காத்துக்கிட்டு இருந்தோம். இப்பதான் சரியான டெஸ்ட்டு."

எஞ்சினைக் குறைத்தேன். பெரியதின் மூலையில் நேரம் 3.52. இரண்டு அம்புக்குறிகளும் நேராக முன்னால் காட்டின. வான் பாயும் இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்டது. பனிக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது.

அப்போதுதான் அந்தக் கூப்பாடு.

"கூ…"

பெண் குரல். இடது பக்கம்.

என் வாய் தானாகப் பதில் சொன்னது. "ஓ…ய்!"

இதை இங்கே விளக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் பனி மூடினால் ஒருத்தி 'கூ' என்று கூப்பிடுவாள். செடிகளுக்குள் எங்காவது நிற்கிறவள் 'ஓய்' என்பாள். பதில் சொன்னவள் கூப்பிட்டவளிடம் போய்ச் சேர வேண்டும். அவள் வந்து சேரும்வரை கூப்பிட்டவள் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது கண்டிப்பான வழக்கம். என் அம்மாவோடு மலைக்குப் போய் வளர்ந்தவன் நான். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

நிரஞ்சன் என்னைப் பார்த்தான்.

"யாருக்கு மச்சான் பதில் சொல்றீங்க?"

"மலைல கொழுந்து எடுக்கிறவங்கடா."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. யாரு மலைக்குப் போறாங்க?"

எஞ்சினை இன்னும் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

"கூ…"

கொஞ்சம் கிட்டத்தில்.

"மச்சான்… இதைப் பாருங்க."

இரண்டு பிளாட்டர்களும் பிரிந்துவிட்டன. சின்னதின் அம்புக்குறி வலது பக்கம் திரும்பியிருந்தது. பெரியதின் அம்புக்குறி இடது பக்கம், கூப்பாடு வந்த பக்கம். போட் ஒன்று. புள்ளி ஒன்று. வழி மட்டும் இரண்டு.

ஒன்று வீட்டுக்கு. மற்றது…

"எதை நம்புறது?" என்றேன்.

"பெருசு பிழை விடாது மச்சான். கடையில இதுதான் நல்ல சாமான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கூப்பிடுகிற ஆள் இருக்கிற பக்கம்தானே கரை இருக்க வேண்டும்? இடது பக்கம் திருப்பினேன்.

பெரியதின் திரையில் ஆழம் குறைந்தது. அறுபது அடி. நாற்பது. இருபத்திரண்டு. கரை வருகிறது என்று மனம் லேசானது. திரையின் அடியில் ஒரு உருவம் தெரிந்தது. நிமிர்ந்து நின்றது.

"மீனா?"

"மீன் இப்பிடி நிக்காது."

போட் ஓடிக்கொண்டிருந்தது. அது திரையை விட்டுப் போகவில்லை. எங்கள் கூடவே வந்தது.

ஒன்பது அடி. ஆறு. நான்கு.

நிரஞ்சன் துடுப்பை எடுத்துச் செங்குத்தாக விட்டான். முழங்கைவரை கை தண்ணீருக்குள் போனது. அடி தட்டவில்லை.

"மச்சான்… இங்க தரையே இல்ல."

திரையில் மூன்று அடி.

எஞ்சினை நிறுத்தினேன்.

போட் நிற்கவில்லை. தானாக முன்னால் போனது… மெதுவாக… பிறகு வேகமாக.

டொங்!

முன்பக்கத்தில் ஏதோ இடித்தது. சிவப்புப் பீப்பாய். வான்கதவுக்கு முன்னால் எச்சரிக்கைக்காகச் சங்கிலியில் கட்டி மிதக்க விட்டிருக்கும் பீப்பாய். அந்தச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை. காற்றுதான்.

"திருப்புங்க! திருப்புங்க!"

முதல் இழுவையில் எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. நிரஞ்சன் பீப்பாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தான். முருகா என்று கத்தியது நானா அவனா தெரியாது.

பிடித்தது.

பெரியதின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். சின்னதின் அம்புக்குறியை மட்டும் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

பின்னால் குரல் கேட்டது. கத்தவில்லை. பக்கத்தில் இருந்து பேசுவது மாதிரி…

"வாரேன்னு சொன்னியே…"

நிரஞ்சன் காதைப் பொத்திக்கொண்டான். அவனுக்கும் கேட்டது.

படகுத்துறையில் ஏறிக் கயிற்றைக் கட்டினோம். செல்வரத்தினம் சேர் குடையோடு நின்றார். "எந்த மெசின் நல்லது?" என்று கேட்டார். சின்னது என்று மட்டும் சொன்னேன். பெரியது ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டதற்கு, வெயிலில் திரை தெரியவில்லை என்று நிரஞ்சன் சொன்னான். கெட்டிக்காரன்.

ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டுகிற பேச்சியம்மா முன்பு கொழுந்து எடுத்தவர். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய தோட்டத்தில் பிறந்தவர். அவரிடம் மெதுவாகக் கேட்டேன், அணைக்கட்டுப் பக்கம் யாராவது செத்திருக்கிறார்களா என்று. கத்தியைக் கீழே வைத்தார்.

"டேம் கட்டுறதுக்கு முன்னாடி அங்க ஒரு கல்லு இருந்துச்சு. அதுல நின்னுதான் கூப்பிடுவாங்க. அழகம்மான்னு ஒருத்தி. ஒரு நாளு பனியில கூப்பிட்டிருக்கா. எவளோ பதில் சொல்லிட்டு, குறுக்கு வழியில லயத்துக்குப் போயிட்டா. இவ வருவா வருவான்னு நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. மழை. ஆறு ஏறிருச்சு. விடியக்காலை கல்லுமில்ல, அவளுமில்ல."

"பதில் சொன்னது யாரு?"

"யாரு ஒத்துக்குவா?" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார். "நீங்க பதில் ஏதும் சொல்லலையே?"

"இல்லீங்க" என்றேன்.

அன்றிலிருந்து பனி விழுந்த ஒவ்வொரு நாளும் கேட்டது. விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை. என் வாய் மறுபடியும் பதில் சொல்லிவிடுமோ என்று பயம். மப்ளரை வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குக் குளிர் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் இரக்கப்பட்டு இருமல் மிட்டாய் கொடுத்தாள்.

இரவில் தூக்கம் போனது. சுதர்ஷினி சண்டை பிடித்தாள். அந்தப் பெண்ணை நினைத்தால் பயத்தோடு பாவமாகவும் இருந்தது. அவள் என்ன கேட்டாள்? பதில் சொன்னவன் வர வேண்டும். அவ்வளவுதானே. போய் நின்று, வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்கும் விடுதலை. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

புரட்டாசி. மழை ஓய்ந்து, வான்கதவுகளை மூடிவிட்டார்கள். நல்ல வெளிச்சமான காலை. பனி ஒரு பொட்டும் இல்லை. சின்ன பிளாட்டரைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். சிவப்புப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வந்துட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

ஒன்றுமில்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

கேட்டதோ என்னவோ என்று சந்தேகம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து அரைகுறையாக விட்டுப் போகவா? அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் செய்தேன். வேறொன்றையும் யோசிக்கவில்லை. மலையில் எப்படிக் கூப்பிடுவோமோ, அப்படியே கைகளை வாயில் குவித்து…

"கூ…"

மலையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. பிறகு அமைதி.

பிறகு…

"ஓ…ய்."

போட்டுக்கு நேர் கீழேயிருந்து.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது கூப்பிட்டவன் நான். பதில் சொன்னவள் அவள்.

பதில் சொன்னவள் வந்து சேர வேண்டும்.

எஞ்சின் வெடிக்கிற மாதிரி ஓட்டினேன். படகுத்துறையிலிருந்து நேராக லயத்துக்கு ஓடினேன். வீட்டைப் பூட்டி, சுதர்ஷினியைக் கூட்டிக்கொண்டு கொட்டகலையில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போய்விட்டேன். காய்ச்சல் என்று ஹோட்டலுக்குச் சொல்லி அனுப்பினேன். அது பொய்யும் இல்லை. மூன்று நாள் உடம்பு கொதித்தது.

நான்காம் நாள் வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போனேன். செல்வரத்தினம் சேர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சுகமே பழனியாண்டி? முந்தநாள் உம்மைத் தேடி ஒரு ஆள் வந்தது."

"யாரு சேர்?"

"கொழுந்து எடுக்கிற பொம்பிளை. கூடையோட வந்தவ. 'என்னயக் கூப்பிட்ட ஆளு எங்க'ண்டு கேட்டவ. போட் ஓடுறவரோ எண்டு கேட்டன், தலையாட்டினவ. நீர் லீவு எண்டு சொன்னன்."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நல்ல வெயில் பாரும். ஆனா அவ தொப்பலா நனைஞ்சிருந்தவ. பாவமாக் கிடந்தது. உம்மட வீடு எங்கையெண்டு கேட்டவ."

"நீங்க…?"

"சொல்லிவிட்டனான். எத்தினையாம் லயம், எத்தினையாம் காம்பரா எண்டு விளக்கமாச் சொல்லித்தான் விட்டனான்."

நான் அந்த லயத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. சாமான்களை எடுக்க நிரஞ்சன்தான் போனான். ஒரு கிழமையாக மழை இல்லையாம். லயத்து வாசல்கள் எல்லாம் காய்ந்து கிடந்தனவாம். எங்கள் வாசற்படியில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றதாம்.

அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டோம். செல்வரத்தினம் சேர் நல்ல மனிதர். தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் போன் எடுப்பார், ஒவ்வொரு முறையும் இப்போது எங்கே இருக்கிறீர் என்று கேட்பார். நான் இன்றுவரை சொல்லவில்லை.