பேர் சொன்ன மறுநாள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டி ஒரு நூல் மில். அதன் கார்டிங் பிரிவில் பதினோரு வருஷம் நின்றவன் வைகுண்டராஜ். எண்பத்து மூன்றில் உள்ளே போனபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூற்று நாலில் பதினாறு மிஷின் கொண்ட வரிசைக்கு அவன்தான் மேஸ்திரி. பத்து விரலும் முழுசாக இருக்க மேஸ்திரி ஆனவன் என்று மற்றப் பிரிவுக்காரர்கள் அவனைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பிரிவில் அது சின்ன விஷயமில்லை.

கார்டிங் மிஷினுக்குள் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை உண்டு. அதைச் சுற்றிலும் ஊசி ஊசியாகக் கம்பிப் பல். பஞ்சைச் சீவிச் சிக்கெடுத்து வடமாக இறக்குவது அதன் வேலை. சுவிட்சை அமர்த்தினால் மோட்டார் நின்றுவிடும்; உருளை நிற்காது. தன் கனத்திலேயே இன்னும் நாலைந்து நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும்போது பல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கும். பக்கத்தில் பதினைந்து மிஷின் போடுகிற இரைச்சலில் சத்தத்தை வைத்தும் சொல்ல முடியாது. மிஷின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, அந்த அதிர்வு அடங்கும் வரைக்கும் காத்திருந்து, அதற்கப்புறம்தான் மூடியைத் திறந்து அடியில் சேர்ந்த கழிவை வழிக்க வேண்டும். இதைப் படித்தவன்தான் அங்கே வேலை தெரிந்தவன்.

அதனால் அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. மேனேஜருக்குத் தெரியாது, எந்த நோட்டீஸ் போர்டிலும் இல்லை. புதிதாக வருகிறவனுக்கு உள்ளே பேர் கிடையாது. முதல் ஒன்றிரண்டு மாதம் அவன் ‘பச்சை’. பச்சை என்றால் யாருக்கும் கோபம் வராது; எல்லாரும் ஒரு காலத்தில் பச்சைதான். அப்புறம் ‘கத்துக்குட்டி’. பாதி தெரிந்தவன், அதனாலேயே கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கப்பட வேண்டியவன். அவன் வடம் விழுந்து நிரம்புகிற கேனை மாற்றலாம், தரை கூட்டலாம், பஞ்சு சுமக்கலாம். மூடிக்கு உள்ளே கை போகக் கூடாது. என்றைக்கு மேஸ்திரி நாலு பேர் முன்னால் அவனுடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரோ, அன்றைக்குத்தான் கை போகலாம். வைகுண்டராஜ் ஒருவனுக்கும் ஆறு மாதத்துக்குக் குறைவாகப் பேர் சொன்னதில்லை.

மூன்றாவதாக ஒரு வார்த்தையும் உண்டு: ‘சொத்தை’. பூச்சி அரித்த பருத்திக் காய்க்குச் சொல்கிற சொல். வருஷக்கணக்காக நின்றும் படியாதவனுக்கு அது. வருஷத்துக்கு ஒரு தடவை யாருக்காவது விழும்; விழுந்தவன் தானாகவே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவான்.

இந்த வழக்கத்தை மில்லுக்கு வெளியே கொண்டுபோனது வைகுண்டராஜ்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பரிபூரணம் அக்கா தையல் கடை வைத்திருந்தாள். பம்பாயில் இருந்த அவள் தம்பி அந்த வருஷம் இரண்டு வீடியோ கேம் பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பினான். முன்னால் தையல் மிஷின், பின்னால் கேம் பெட்டி. திரையில் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். குமிழைத் திருப்பிப் பொத்தானைத் தட்ட வேண்டும். பகல் ஷிப்ட் முடிந்ததும் கார்டிங் ஆட்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே அங்கேதான் வந்தார்கள். மூன்றாவது வாரத்திலேயே வைகுண்டராஜை ஜெயிக்க அங்கே ஆளில்லை. விளையாட்டுச் சூடு பிடிக்கட்டும் என்று அவனே ஒரு சட்டம் போட்டான். ஜெயிக்கத் தெரியாதவனுக்கு இங்கேயும் பேர் இல்லை. பச்சை, கத்துக்குட்டி, சொத்தை, அவ்வளவுதான். தோற்றவன் ஜெயித்தவனுடைய பேரைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

மில்லில் வருஷத்துக்கு ஒரு தடவை விழுந்த சொல் அந்தக் கடையில் மணிக்குப் பத்துத் தடவை விழுந்தது. காலேஜ் பையன்கள்கூட ஒருத்தனை ஒருத்தன் சொத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வைகுண்டராஜுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பால்பாண்டி மில்லுக்கு வந்தது அந்தச் சமயத்தில். முப்பது வயசு. செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூமில் பன்னிரண்டு வருஷம் நின்றவன். தறி வேலை சுணங்கியதும் பெண்டாட்டி ஊரான மம்சாபுரத்துக்கு வந்து, தெரிந்தவர்களைப் பிடித்து மில்லில் சேர்ந்தான். வேகமான கை. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவான். ஆனால் தறி என்பது கைப்பிடியைத் தள்ளினால் ‘டக்’ என்று நின்றுவிடுகிற சாதனம். பன்னிரண்டு வருஷம் அவன் கைக்குப் பழக்கமானது அந்த ‘டக்’. அதை அவன் கை மறக்கவில்லை என்பதை வைகுண்டராஜ் முதல் வாரமே கண்டுகொண்டான். மிஷினை அமர்த்தின நொடியிலேயே பால்பாண்டியின் வலது கை தன்னால் மூடியை நோக்கிப் போகும். இரண்டு தடவை மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். இழுத்தபோது அந்தக் கையின் இளஞ்சூடு வெகுநேரம் தன் கையிலேயே இருந்ததாக வைகுண்டராஜுக்கு ஒரு நினைப்பு. அது நல்லதுக்கில்லை என்று பட்டது.

பால்பாண்டிக்கோ முப்பது வயசில் கத்துக்குட்டி என்று கூப்பிடப்படுவது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாலு மாதம் போயிற்று. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நேராகவே கேட்டான், தன்னிடம் என்ன குறை என்று. ஒரு குறையும் இல்லை, பொறுமை மட்டும் வரணும் என்று வைகுண்டராஜ் சொன்னான். பால்பாண்டி தூக்குச் சட்டியை மூடிக்கொண்டு எழுந்துபோனான். அன்றிலிருந்து அவனும் பரிபூரணம் அக்கா கடைக்கு வர ஆரம்பித்தான்.

அங்கே அவசரக் கை குறையில்லை. அங்கே அதுதான் வித்தை. ஒரே மாதத்தில் பால்பாண்டி காளிராஜைத் தோற்கடித்தான். காளிராஜ் வைகுண்டராஜோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன், அடுத்த மேஸ்திரி தான்தான் என்று நினைப்பவன், வாய் அடங்காதவன். தோற்ற மறு நிமிஷமே அவன் பால்பாண்டி கட்சிக்கு மாறிவிட்டான்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், பால்பாண்டி வைகுண்டராஜுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டான். சுற்றிலும் பிரிவு ஆட்கள் ஏழெட்டுப் பேர். முதல் ஆட்டம் வைகுண்டராஜுக்கு. இரண்டாவது பால்பாண்டிக்கு. மூன்றாவதில் வைகுண்டராஜ் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் பொத்தான் மேல் பறந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தான். எதுக்கும் காத்திருக்காத கை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அவன் ஆள் மல்லாந்து கிடந்தான்.

எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் குமிழை விடாமல் உட்கார்ந்திருந்தான். தோற்றது பெரிதாகப் படவில்லை. அந்தப் பேரை இந்த ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்றுதான் யோசித்தான்.

பரிபூரணம் அக்கா தையல் மிஷினை நிறுத்தினாள். “தம்பி, நீ போட்ட சட்டம்தான. சொல்லிட்டு எந்திரி.”

“பால்பாண்டி,” என்றான் வைகுண்டராஜ்.

பால்பாண்டியின் முகம் அப்படி மலர்ந்து அவன் அதுவரை பார்த்ததில்லை. அத்தனை பேருக்கும் டீ சொன்னான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, நாளைக்கு உள்ளயும் அப்படித்தான?” என்று கேட்டான். வைகுண்டராஜ் பதில் சொல்வதற்குள் காளிராஜ் முந்திக்கொண்டான். “பேருன்னா ஒரு பேருதாம்ல. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா இருக்கு?” எல்லாரும் சிரித்தார்கள். வைகுண்டராஜ் டீயைக் குடித்தான். அப்போதே மறுத்திருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தவனை அந்த இடத்திலேயே எப்படி மட்டம் தட்டுவது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

காலையில் மில் கேட்டில் சைக்கிளை நிறுத்தும்போது காளிராஜைத் தனியாகப் பிடித்தான். கேம் வேறு, மிஷின் வேறு. உள்ளே அவன் இன்னும் கத்துக்குட்டிதான், ஆட்களிடம் சொல்லிவிடு என்றான்.

காளிராஜ் சைக்கிளைப் பூட்டிவிட்டு நிதானமாக நிமிர்ந்தான். “ஏலே வைகுண்டம், நேத்து அத்தன பேர் முன்னால வாயால சொன்ன. ராத்திரி தூங்கி எந்திரிச்சு மாத்துதியே. தோத்த வயித்தெரிச்சல்னு சொல்ல மாட்டானுகளா? பொறவு ஒன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவானுக, யோசிச்சுப் பாத்தியா?”

அந்த மூன்றாவது வார்த்தையைக் காளிராஜ் சொல்லவில்லை. சொல்லாமலே அது இருவருக்கும் நடுவில் நின்றது. இத்தனை காலம் அடுத்தவர்களுக்கு அதைக் கொடுத்தவன், தன் மேல் விழும் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டான். நாம்தான் பக்கத்திலேயே இருக்கிறோமே, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனான்.

மூன்று மணி நேரம் அப்படித்தான் பார்த்தான். பால்பாண்டி எந்த மிஷினுக்குப் போனாலும் இவனும் இரண்டு மிஷின் தள்ளி நின்றான். அன்றைக்கு எல்லாரும் ‘பால்பாண்டி, பால்பாண்டி’ என்று வேண்டுமென்றே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வைகுண்டராஜ் திரும்பி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டான். பத்தரை மணிக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து, ஷிப்ட் சீட்டில் கையெழுத்துக் கேட்டான். வரிசையின் கோடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

ஏழாம் நம்பரில், மிஷினை அமர்த்தியிருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. காளிராஜ் விரலை நீட்டி மூடிக்கு அடியில் எதையோ காட்டிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தான். பால்பாண்டி மூடியைத் திறந்து குனிந்திருந்தான். சுவிட்சை அமர்த்தி அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நடுவில் எட்டு மிஷின். வைகுண்டராஜ் ஓடினான், கத்தினான். தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை.

மிஷின் சட்டத்தின் மேல் பால்பாண்டி உள்ளங்கையை வைக்கவே இல்லை. இதை வைகுண்டராஜ் தன் கண்ணால் பார்த்தான்.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி. வலது கையில் மூன்று விரல் போயிற்று, பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வராந்தா பெஞ்சில் காளிராஜ் நெருங்கி வந்து உட்கார்ந்தான். தணிந்த குரலில் வேகவேகமாகப் பேசினான். மூன்று மணிக்கு மேனேஜர் எழுதி வாங்குவார். பால்பாண்டி வேலை படிக்கிற ஆள், யாரும் சொல்லாமல் தானாகக் கையை விட்டான் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் பிரிவுக்கு ஒன்றும் வராது. கத்துக்குட்டி என்று நாலு மாதமாகக் கூப்பிட்டதற்கு ஊரே சாட்சி. அப்படிச் சொன்னால் பால்பாண்டிக்கு வேலை போகும் என்பதைக் காளிராஜ் சொல்லவில்லை. அது வைகுண்டராஜுக்கும் தெரியும். “போன விரலு இனி வரவா போகுது? நம்ம ரெண்டு குடும்பத்தையாவது பாரு,” என்றான்.

காளிராஜ் சொன்னது பாதி உண்மை என்பதுதான் வைகுண்டராஜுக்குப் பயமாக இருந்தது. வேலை தெரியாத ஆள்தான். அதைத்தானே காலையில் கேட்டில் இவனே சொன்னான்.

அப்போது சண்முகத்தாய் வந்தாள், பால்பாண்டியின் மனைவி. மம்சாபுரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவளை யாரோ சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். காலில் சேறு காயவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கதான மேஸ்திரி அண்ணாச்சி?”

ஆமாம் என்று எழுந்தான்.

“அவிய நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேஸ்திரி எம் பேரைச் சொல்லிட்டாரு, இனி நான் முழு ஆளுன்னு பிள்ளைகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. இங்க வந்தா, வேலை தெரியாம கைய விட்டான்னு கம்பவுண்டர் சொல்லுதாரு. எது நெசம்னு நீங்களே சொல்லுங்க. அவியளுக்கு முழிப்பு வந்தா மொதல்ல இதத்தான் கேப்பாக.”

காளிராஜ் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வைகுண்டராஜின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

“நான் பேர் சொன்னது நெசம் தாயி,” என்றான் வைகுண்டராஜ். “சொல்லக் கூடாத நேரத்துல சொன்னேன். காலையில அதத் தடுக்கவும் இல்ல. தப்பு என்னுதுதான், அவருது இல்ல. மேனேஜர்கிட்டயும் இதத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்.”

“தெரியாத ஆளுன்னு தெரிஞ்சுமா சொன்னீக?” என்றாள்.

ஆமாம் என்று வைகுண்டராஜ் தலையை ஆட்டினான். அவள் திரும்பி உள்ளே போனாள். மணி இரண்டே முக்கால். மேனேஜரிடம் தன் கதையை முதலில் சொல்லிவிட, காளிராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைகுண்டராஜுக்கு முன்பாகவே மில்லைப் பார்த்துப் போய்விட்டான்.