பத்து மூட்டை மக்காச்சோளத்தோடு மைசூருக்கு

போன மாசி மாதம் நானும் என் நங்கையும் பத்து மூட்டை மக்காச்சோளத்தை ஏற்றிக்கொண்டு மைசூர் போய் வந்தோம். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அதே சரக்கோடு அதே ஊருக்குப் போக நினைப்பவர்கள் எங்கள் பக்கம் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது போகாமல் இருந்துகொண்டாலும் எனக்குச் சந்தோஷமே.

எங்கள் ஊர் அனூருக்குப் பக்கம். மூன்று ஏக்கர் மானாவாரி. எப்போதும் ராகிதான். மைசூர் மண்டியில் மக்காச்சோளம் மூட்டை பதினெட்டு ரூபாய் என்று சந்தையில் யாரோ சொல்ல, அதைக் கேட்டு வந்து வீட்டில் சண்டை போட்டு விதைக்க வைத்தவள் நான். "ராகின்னா விக்காட்டிக் களி கிண்டித் திங்கலாம். இத என்ன பண்றது?" என்று அன்றே கேட்டாள் நங்கை. விளைந்தது என்னவோ நன்றாகத்தான் விளைந்தது. அறுப்பு முடிந்த வாரம் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். குதிருக்குள் வண்டு விழுவதற்குள் சரக்கை விற்றாக வேண்டும். "அம்மிணி, நீ ஆசப்பட்டுப் போட்ட வெள்ளாமை. நீயே வா, நானும் வாரேன்" என்றாள் நங்கை.

அனூரிலிருந்து கொள்ளேகாலுக்குப் பதினைந்து மைல், மாட்டு வண்டிக்கு இரண்டு ரூபாய். அங்கிருந்து மைசூருக்கு நாற்பது மைல் சொச்சம், லாரியில் மூட்டைக்கு ஒரு ரூபாய். ஆளுக்குக் கூலி இல்லை, மூட்டை மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். டிரைவர் அந்தோணி மைசூர்த் தமிழர். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு மண்டியில் இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொள்ளேகால் மதராஸ் ராஜ்யம், மைசூர் வேறு ராஜ்யம். நடுவில் ஒரு சாவடி. அங்கே இருந்த சேவகர் மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டு, "ஜோளா. பர்மிட் எல்லி?" என்றார். சோளத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாம். இது சோளமில்லை, மக்காச்சோளம் என்றேன். கன்னடத்தில் அதற்கும் முசுக்கின ஜோளா என்றுதான் பெயர். ஜோளா என்று வாயைத் திறந்தாலே அவருக்குப் போதும்.

"சும்மா இரும்மா, நான் மாத்தாடறேன்" என்று அந்தோணி இறங்கிப் போனார். அவர் எவ்வளவு பேசியும் பலனில்லை. உத்தரவில் மக்காச்சோளத்தின் பெயரே இல்லையாம். இல்லாததைத் தடுக்கவும் முடியாது, விடவும் முடியாது, மேலே இருக்கும் பெரியவர் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று சேவகர் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சாப்பிட்டார், தூங்கினார், வந்தார். அதற்குள் மத்தியானம் இரண்டு மணி. காத்திருந்த கூலி என்று அந்தோணி மூன்று ரூபாய் கூடப் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் முதலாளி இருக்கிறார்.

பெரியவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இதை மனுஷர் தின்பார்களா?" என்று கன்னடத்தில் கேட்டார். நங்கைக்கு அது புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பதில் சொல்வதற்குள் 'கோழித் தீவனம்' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தீவனத்துக்கு அனுமதி வேண்டாமாம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

மைசூரில் மண்டிகள் இருக்கும் பேட்டையான மண்டி மொஹல்லாவுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். அங்கே மண்டிக்காரர் முதலில் கேட்டது சீட்டை. படித்தார், சிரித்தார். "தீவனமா? பதினொன்று." பதினெட்டு என்று கேள்விப்பட்டு வந்தோமே என்றேன். அது தை மாதம், இப்போது எல்லோரும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மாதிரி பார்க்க ஒருவர் ஒரு கை அள்ளினார். அவர் போனதும் இன்னொருவர். அள்ளியதை யாரும் திரும்பப் போடவில்லை.

நாலாவது ஆள் கையை நீட்டியபோது நங்கை அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "ஏனுங்க, அள்ளி அள்ளிப் பாக்கறீங்களே, வாங்கற மூஞ்சியாங்க இது? போட்டுட்டுப் போங்க." அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போட்டுவிட்டுப் போனார்.

மூட்டைகளை லாரிக் கொட்டகையில் இறக்கிப் போட்டுவிட்டு அன்று ராத்திரி அந்தோணி வீட்டு முன்னறையில் படுத்தோம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்த களைப்பிலும் எங்களுக்குச் சோறு போட்டார். "சில்லறையா வித்துப் பாருங்க அக்கா. கட்டட வேலைக்கு வந்த நம்ம ஜனம் நிறைய இருக்கு. ரேஷன் அரிசி வாரத்துக்குப் பத்தறதில்ல" என்றார்.

மறுநாள் லாரிக் கொட்டகை ஓரம் இரண்டு மூட்டையைப் பிரித்தோம். படி நாலணா. அளந்து போட நான் உட்கார்ந்தேன். எட்டாவது வரை படித்த எனக்குத் தெருவில் கூவ நாக்கு எழவில்லை. நங்கை கூவினாள். சித்தாள் பெண்கள் வந்தார்கள், இதை எப்படி ஆக்குவது என்று கேட்டார்கள். "ஒடச்சுக் களி கிண்டு, மோர் ஊத்தித் தின்னு, மத்தியானம் வரைக்கும் பசிக்காது" என்றாள். ராகிதான் ஒசத்தி என்று எங்கள் வீட்டில் ஆறு மாதம் என்னைக் கரித்துக்கொட்டியவள்! நடுவில் தரைவாடகை கேட்டு ஒருவர் வந்து எட்டணா வாங்கிப்போனார். பொழுது சாய்வதற்குள் இரண்டு மூட்டையும் தீர்ந்தது. மூட்டைக்குப் பதினாறு ரூபாய் சுமார்.

மீதி எட்டையும் அப்படி விற்க இன்னும் நாலு நாள் உட்கார வேண்டும். வீட்டில் கால் ஒடிந்தவர் கிடக்கிறார். மண்டிக்காரரிடமே திரும்பிப் போனோம். கையில் கொஞ்சம் காசு இருந்ததாலோ என்னவோ, எனக்கும் குரல் வந்தது. பதின்மூன்றுக்கு ஒப்புக்கொண்டார். மூட்டைகள் இறங்கிய பிறகு இறக்குகூலி, தராசுக்கூலி, தரகு, கோயிலுக்குத் தர்மம் என்று ஒன்பது ரூபாய் பிடித்தார். எந்தக் கோயில் என்று கேட்டேன். காசை என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செலவெல்லாம் போக நின்றது, அதே நிலத்து ராகியை உள்ளூர்ச் சந்தையில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகைதான். எரிச்சல் தாங்கவில்லை. வெயிலில் பாடுபட்டது நாங்கள், தின்றது சாவடியும் லாரியும் தராசும்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தை பிறந்ததும் போய்விடுங்கள், மாசிக்குக் காத்திராதீர்கள். சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து, தானியம் என்று எழுதச் சொல்லி நில்லுங்கள். விலை பேசி முடியும்வரை மூட்டையை இறக்காதீர்கள், இறக்கினால் நீங்கள் அவர்கள் கையில். நாலு வீட்டுச் சரக்கைச் சேர்த்து ஏற்றுங்கள். ஒரு வீட்டார் சில்லறை விற்க, மற்றவர்கள் மண்டியில் பேசலாம்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்தபடியே, "அடுத்த வெள்ளாமை என்ன?" என்று கேட்டார். தோற்றவள் மாதிரி, "ராகிதானுங்க" என்றேன்.

"ரெண்டு ஏக்கர் ராகி" என்றாள் நங்கை, முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்துக்கொண்டே. "ஒரு ஏக்கர் அம்மிணியோட சோளம். அந்தத் தர்மக்காரங்கிட்ட எந்தக் கோயில்னு நான் ஒருக்காக் கேக்கோணும்."